எடை பார்க்கும் நாளில் அசைவையும் பார்க்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டு மாதம் முடியப்போகும் குழந்தை இன்னும் தானாக உட்காரவில்லை என்று ஒரு தாய் கவலையோடு சொல்லும்போது, அவருக்கு உடனடியாகக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "அவங்க அப்பனும் இப்படித்தான், ஒன்றரை வயசுலதான் எழுந்து நடந்தான், பேசாம இரு" என்று மாமியாரோ பெரியம்மாவோ சொல்லும் ஆறுதல் ஒன்று. எல்லோரும் தூங்கிய பிறகு கைபேசியில் தேடும்போது வரிசையாக வந்து நிற்கும், வாயில் நுழையாத நோய்ப் பெயர்கள் மற்றொன்று. இரண்டுமே அந்தக் குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லப்படுபவை. கிராம சுகாதார செவிலியராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இந்தக் கவலைக்கு நம் பொது சுகாதார ஏற்பாட்டில் எந்த இடத்தில் பதில் கிடைக்க வேண்டும், அது ஏன் அங்கே கிடைக்காமல் போகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கவலைப்படத் தேவையில்லாதவர்களின் கவலையை முதலில் குறைத்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், எதையும் பிடிக்காமல் நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். அந்த ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து, பிறகு நேராக எழுந்து நின்று நடந்த குழந்தைகளை நம் தெருக்களிலும் பார்க்கலாம். பிள்ளைத்தமிழில் 5ஆம் மாதத்துக்குக் கையூன்றித் தலையசைத்து ஆடும் செங்கீரை, 9ஆம் மாதத்துக்குக் கைகொட்டும் சப்பாணி, 13ஆம் மாதத்துக்குத் தளர்நடை நடந்து வரும் வருகை என்று வகுத்த நம் முன்னோரும் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்துத்தான் வகுத்திருக்கிறார்கள். ஆனாலும் அது பாட்டுக்கான இலக்கணம். அதையும், அடுத்த வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததையும் வைத்து ஒரு தாயைக் கலங்கடிக்க வேண்டியதில்லை.

காலவரம்பு நீளமானது என்பதற்காக வரம்பே இல்லை என்று ஆகிவிடாது. நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்காவிட்டாலோ, ஒன்பது மாதம் முடிந்தும் உட்காராவிட்டாலோ, பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்காவிட்டாலோ யாருடைய ஆறுதலுக்கும் காத்திராமல் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முன்னதாக வந்துவிட்டது என்பதால், அதற்கு எட்டு மாதம் ஆகும்போது ஆறு மாதக் குழந்தையிடம் எதிர்பார்ப்பதையே எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நாளில் இந்த ஒரு வரியைப் பெற்றோருக்குச் சொல்லி, அட்டையிலும் எழுதிக் கொடுத்துவிட்டால் எத்தனையோ இரவுகளின் தூக்கம் மிச்சமாகும்.

மாதக் கணக்கைக் காட்டிலும் குழந்தை எப்படி அசைகிறது என்பது அதிகம் சொல்லும். பாயில் மல்லாந்து கிடக்கும் ஐந்து மாதக் குழந்தையின் இரு கைகளையும் பிடித்து மெல்ல எழுப்பும்போது தலை உடலோடு சேர்ந்து வருகிறதா, பின்னால் தொங்கிவிடுகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். துணி மாற்றும்போது தொடைகள் எளிதாக விரிகின்றனவா, தூக்கி நிறுத்தினால் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே எல்லாப் பொருளையும் ஒரே கையால் எடுத்து, மறுகையை மூடியபடியே வைத்திருக்கும் குழந்தையைப் பார்த்து, "இவன் இடக்கைக்காரன்" என்று சிரித்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அந்த வயதில் கைப்பழக்கம் உருவாவதில்லை என்பதால், மறுகைக்கும் அதே பக்கத்துக் காலுக்கும் பலம் குறைவாக இருக்கிறதோ என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். நேற்றுவரை உட்கார்ந்த குழந்தை இன்று உட்கார முடியாமல் சரிகிறது என்றால், அது எந்த வயதானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றையெல்லாம் முதலில் உணர்பவர், கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிதான். "காலு விறைச்சுக்கிட்டே இருக்கு, மடக்க வரல" என்றோ, "துணி மாதிரி துவளுது" என்றோ அவர் சொல்வதை எழுதிக்கொள்ள எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் ஊசி போடப்படுகிறது. அதற்கடுத்த ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பிறகு போடப்படும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிதான். அதாவது, கழுத்து நிற்பது, குப்புற விழுவது, கையூன்றி நெஞ்சை நிமிர்த்துவது, உட்காருவது என உடலசைவின் முக்கியமான படிகள் அனைத்தும் நிகழ வேண்டிய ஏறத்தாழ ஆறு மாத காலத்தில், நலமாக இருப்பதாகத் தோன்றும் ஒரு குழந்தையைத் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வருவதற்குத் தாய்க்குக் காரணமே இருப்பதில்லை. தனியார் மருத்துவரிடம் செல்லும் குழந்தைக்கு ஆறாம் மாதத்தில் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி என்று ஒரு சாக்காவது உண்டு. புதன்கிழமைதோறும் நடக்கும் அரசுத் தடுப்பூசி முகாமை மட்டும் நம்பியிருக்கும் குழந்தைக்கு அதுவும் இல்லை. ஒன்பதாம் மாதம் ஊசிக்கு வரும்போதுதான் "இன்னும் உட்காரவில்லையே" என்ற பேச்சே எழுகிறது. அன்றைக்கும் வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது, ஊசி போட்டு, துளி மருந்து கொடுத்து, அடுத்த தேதியை எழுதி அனுப்புவதற்குத்தான் செவிலியருக்கு நேரம் இருக்கும். வேலைப்பளுவை அறிந்தவள் என்பதால் பணியில் இருப்பவர்களை இதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கான ஏற்பாடு காகிதத்தில் இல்லாமல் இல்லை. பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளின் பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிய 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. ஆனால், குழு வரும் நாளில் அங்கன்வாடியில் இருப்பவர்கள் ஓடியாடும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். ஆறு மாதக் குழந்தை வீட்டில் தூளியில் தூங்கிக்கொண்டிருக்கும். 2018இல் வந்த மற்றொரு திட்டத்தில் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டுக்கே சென்று குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். தாய் சேய் நல அட்டையிலும் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்பது படங்களோடு அச்சாகியிருக்கிறது. ஆனால் அட்டையை விரிப்பவர்கள் தடுப்பூசிப் பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள். இதற்கிடையே, ஒழுங்காக மாதந்தோறும் நடக்கும் ஒன்று அங்கன்வாடியில் எடை பார்ப்பதுதான். குழந்தையைத் தராசில் கிடத்தி, எண்ணைச் செயலியில் ஏற்றி, தாயிடம் திருப்பிக் கொடுக்கிறோம். அதே குழந்தையை அதே இடத்தில் ஒரு பாயில் குப்புறக் கிடத்தி, தலையைத் தூக்குகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். எடை குறைந்தால் செயலியில் சிவப்பு நிறம் காட்டத் தெரிந்த நமக்கு, ஆறாம் மாதத்தில் கழுத்து நிற்கவில்லை என்றால் அதே சிவப்பைக் காட்டச் செய்வது கடினமான வேலையாக இருக்க முடியாது.

இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம், தாமதத்துக்குப் பின்னால் இருப்பவற்றில் சில எளிதில் தீரக்கூடியவை என்பதுதான். தைராய்டு சுரப்புக் குறைவை ஒரு இரத்தச் சோதனையில் கண்டுபிடித்து, அன்றாடம் ஒரு சிறு மாத்திரையால் ஈடுகட்டலாம். முதல் வாரங்களிலேயே கண்டுபிடிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சியில் ஏற்படும் இழப்பை மாதங்கள் கழித்து மீட்க முடியாது. இரும்புச்சத்துக் குறைவும், எலும்பை வளைக்கும் வைட்டமின் டி குறைவும் நம் குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. முழுச் சைவ உணவு உண்ணும் தாயின் பாலை மட்டுமே குடித்து, ஆறு மாதத்துக்குப் பிறகும் இணை உணவு சரிவரத் தொடங்கப்படாத குழந்தைக்கு வைட்டமின் பி12 குறைந்துபோய், சிரிப்பும் அசைவும் மங்கி, கற்றதை மறக்கத் தொடங்கும். மருந்து கொடுத்ததும் அது தெளிவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூளை முடக்குவாதத்தை முழுமையாகக் குணப்படுத்த முடியாதுதான். எனினும் ஆறாம் மாதத்தில் பயிற்சியைத் தொடங்கும் குழந்தைக்கும், தசைகள் இறுகிப்போன பிறகு இரண்டாம் வயதில் தொடங்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை எந்த இயன்முறை சிகிச்சையாளரும் சொல்வார். முகம் பார்த்துத் தெளிவாகச் சிரித்துக்கொண்டே, கால்களை மட்டும் தூக்க முடியாமல் கிடக்கும் குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. எனப்படும் தசைநார் சிதைவு நோய் இருக்கலாம். 16 கோடி ரூபாய் ஊசிக்காக ஊரே நிதி திரட்டியதாகச் செய்தித்தாள்களில் படித்தோமே, அந்த நோய்தான். அதற்கான மருந்துகள் எல்லாமே எவ்வளவு சீக்கிரம் தொடங்கப்படுகின்றனவோ அந்த அளவுக்குத்தான் பலன் தரும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. விழித்திருக்கும் நேரத்தில் குழந்தையைத் தரையில் பாய் விரித்து, பக்கத்தில் ஒருவர் அமர்ந்துகொண்டு, குப்புறக் கிடக்க விட வேண்டும். முதுகு வளைந்தபடி தூளியிலும், மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவர் மடியிலும் இருக்கும் குழந்தைக்குப் புரள இடம் ஏது? வட்டமான சக்கர வாக்கரை வாங்கிப் பரிசளிக்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் உட்கார்ந்து கால் நுனியால் உந்தும் குழந்தை நடக்கப் பழகுவதில்லை, படியில் உருண்டு அடிபடுவதும் உண்டு. கனடாவில் 2004 முதல் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டிருக்கிறது. தானாக எழுந்து நின்று தள்ள வேண்டிய நம் பழைய மர நடைவண்டி வேறு, இது வேறு. மணலில் குழி தோண்டி இடுப்பளவு புதைத்து நிற்க வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன்: பலமில்லாத கால்களுக்கு அதனால் பலம் வராது, பரிசோதனைக்குப் போக வேண்டிய நாட்கள்தான் போகும்.

தாமதம் உறுதியான பிறகு வரும் சிரமம் வேறு வகை. மாவட்டத் தலைநகரில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் இருக்கிறார்கள், கட்டணமும் இல்லை. ஆனால் பயிற்சி ஒரு நாளோடு முடிவதில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளோடு நின்றுவிடுகிறது; தலைநகருக்குச் செல்லும் புறநகர்ப் பேருந்துக்குப் பணம் கொடுக்க வேண்டும், அன்றைய கூலியும் போகும், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆள் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் அந்தத் தாய் வரவில்லை என்றால் அக்கறை இல்லாதவள் என்று முத்திரை குத்துவது எளிது. கருவுற்றிருக்கும்போது கிரகணத்தைப் பார்த்தாள், பாலைச் சரியாகக் கொடுக்கவில்லை என்ற பழியை வீட்டில் ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவள் அவள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமத்திலேயே ஆட்களைப் பயிற்றுவித்து, குழந்தையின் வீட்டுக்கே சென்று தாய்க்குப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கும் முறையை நடத்திக் காட்டியிருக்கிறது. நம் அரசும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பக்கவாதத்தால் படுத்திருக்கும் முதியவர்களின் வீடு தேடி இயன்முறை சிகிச்சையாளரை அனுப்புகிறது. அதே வாகனம் அதே தெருவில் உள்ள குழந்தையின் வீட்டு வாசலிலும் வழக்கமாக நிற்பதற்கு, பயனாளிகள் பட்டியலில் அக்குழந்தைகளையும் தவறாமல் சேர்த்தால் போதும். புதிய திட்டமோ புதிய பெயர்ப் பலகையோ தேவையில்லை.

ஆகவே, ஆறாம் மாதம் நிறையும் குழந்தைகளைப் புதன்கிழமை முகாமுக்கு ஊசி இல்லாமலே ஒரு முறை வரவழைத்து அசைவைப் பார்க்கவும், அங்கன்வாடியில் எடையோடு அதையும் பதியவும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சமூக நலத் துறையும் இணைந்து ஆணையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் வாராந்திர மருத்துவப் பக்கத்தில், கழுத்து நிற்க 4 மாதம், உட்கார 9 மாதம், நடக்க 18 மாதம் என்ற மூன்று வரம்புகளையும், அருகிலுள்ள இடையீட்டு மையம் எந்த அரசு மருத்துவமனையில் இயங்குகிறது என்பதையும் மாவட்டவாரியாகக் கட்டம் கட்டி வெளியிட்டால் பலரும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.