நீங்கள் அனுமதித்த பாதையை நீங்களே பொறுப்பேற்க வேண்டும்: பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த மாதம் எங்கள் ஊரின் கிழக்குப் பக்கத்து வெறுங்காணிகளில் உங்கள் சபையின் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பற்றைகளை வெட்டித் துப்புரவாக்க வேண்டும், தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. மழைக்காலம் நெருங்குகிறது, நுளம்பு பெருகும், டெங்கு வரும். அறிவித்தலில் பிழை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் என் அக்காவின் காணித் துண்டில் அதை ஒட்ட வந்த உங்கள் ஊழியரால் அந்தக் காணி வரைக்கும் போக முடியவில்லை. மூன்று துண்டுக்கு இப்பால் நின்ற பூவரசங் கதியாலில் ஒட்டிவிட்டு, "அங்கால போகேலாது அண்ணை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதைத்தான் நாங்கள் பல வருடமாக உங்கள் சபைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பற்றை வெட்ட ஒரு பெக்கோ இயந்திரம் பிடிக்கலாம் என்றால் அது உள்ளே வராது. ஆளை விட்டுக் கத்தியால் வெட்டினாலும், வெட்டியதை ஏற்றிப் போக ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் கூட வராது. காணிக்குப் போக வழி தராத சபை, காணியைத் துப்புரவாக வைத்திருக்கவில்லை என்று சட்டம் காட்டுகிறது.

இந்தத் துண்டுகள் எல்லாம் முன்பு ஒரே காணியாக இருந்த பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். சுற்றிலும் வயல், நடுவே மேட்டுத் தரவை, அதாவது வெறும் வெளி நிலம். போர் முடிந்து காணி விலை ஏறத் தொடங்கிய காலத்தில் உரிமையாளர் அதை எங்கள் ஊர்க் காணி அளவில் இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகப் பிரித்து விற்றார். நில அளவையாளர் வரைந்த வரைபடத்தில் நடுவால் இருபதடிப் பாதை ஓடுகிறது. அந்த வரைபடத்தில் உங்கள் சபையின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன. வாங்கியவர்களின் உறுதிப்பத்திரத்தில் 'வழிவாய்க்கால் உரித்தும்' என்று நொத்தாரிசு எழுதியிருக்கிறார். சபை முத்திரை இருக்கிறது என்பதை நம்பித்தான் சனம் காசு கொடுத்தது. அக்காவும் அப்படித்தான். அத்தான் இறந்த பிறகு வந்த சேமலாப நிதிக் காசில் இரண்டு பரப்பு வாங்கிப் போட்டார், மகளுக்குச் சீதனமாக எழுதலாம் என்று.

விற்றவர் பாதைத் துண்டை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அது அவர் பெயரிலேயே கிடக்கிறது. அவர் இப்போது இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். பாதையைச் சபைக்கு நன்கொடை உறுதிப்பத்திரமாக எழுதித் தந்தால்தான் அனுமதி என்று அன்றைக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். போடவில்லை. ஆகவே அந்தப் பாதை உங்கள் வீதிப் பதிவேட்டிலும் இல்லை. கேட்கப் போனால், பதிவேட்டில் இல்லாத பாதைக்குச் சபைக் காசு செலவழிக்க முடியாது என்கிறார்கள். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்ததில் இருந்து 2025 மே தேர்தல் வரைக்கும், தெரிவான சபை இல்லை, வந்த பிறகு பாருங்கள் என்றார்கள். சரி, சபை வந்துவிட்டது. அதனால்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வருடம் அக்கா காணியை விற்க முடிவெடுத்தார். மகளுக்காகக் கட்டத் தொடங்கிய வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது. காணியை விற்றால் கூரை போட்டுவிடலாம் என்பது அவருடைய கணக்கு. நல்ல ஆட்களாக ஒரு இளம் தம்பதி வாங்க வந்தார்கள். இருவரும் அரசாங்க வேலை, வங்கிக் கடன் எடுத்து வாங்குகிற திட்டம். விலை பேசி முடிந்தது. உறுதி சுத்தம். தோம்பு பார்த்தாயிற்று, பதிவகத்தில் வில்லங்கம் ஒன்றும் இல்லை.

வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பியது. நடுத்தர வயதுக்காரர், அமைதியான மனிதர். காணியைப் பார்க்க முன்னம் பாதையைத்தான் பார்த்தார். வாயிலில் நாடா பிடிக்கச் சொன்னார். மறுதலையை நான் பிடித்தேன். வரைபடத்தில் இருபதடி என்றிருக்கும் இடத்தில் நாடா ஒன்பதடிக்கு மேல் போகவில்லை. ஒரு பக்கத்து வேலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துவிட்டது. மற்றப் பக்கத்தில், யாரோ தங்கள் வளவு நிரப்ப மண் அள்ளிய குழி. அதைத் தாண்டி நடந்தோம். வயல் தண்ணீர் குறுக்கே ஓடுகிற இடத்தில் மதகு இல்லை, அதனால் மழைக்குப் பாதையே வாய்க்காலாகிவிடும். எல்லைக்கல் ஒன்றைத் தேடி இருவரும் பற்றையை விலக்கிப் பார்த்தோம். கல் இருந்தது. அது கிடக்கிற இடத்துக்கு வண்டி வராது என்பதும் தெரிந்தது. "காணியில குறை சொல்ல ஒண்டும் இல்லை" என்று அவர் சொன்னார். பிறகு தாளில், வாகனம் செல்லக்கூடிய அணுகுபாதை இல்லை என்று எழுதினார்.

வீதியின் எல்லை எது என்று காட்டும் உங்கள் சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் வங்கி கேட்டது. விண்ணப்பித்தோம். அது சபையின் வீதி அல்ல, ஆகவே வீதிக்கோடு குறித்துச் சான்றிதழ் தர முடியாது என்று பதில் வந்தது. கடன் நின்றது. அந்தப் பிள்ளைகள் வேறு காணி பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை.

வெறுங்காணிக்கு விலை எப்படி ஏறுகிறது என்பது ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். கிணறு நன்னீரா உவரா, மின்கம்பம் எவ்வளவு தூரத்தில், மழைக்கு வெள்ளம் நிற்குமா, உறுதி ஒருவர் பெயரிலா நாலு பேர் பெயரிலா, கோயிலும் பள்ளிக்கூடமும் கிட்டவா. இவற்றுக்கெல்லாம் முதல், கல்லும் மணலும் ஏற்றிய ஒரு ரிப்பர் காணி வாசலுக்கு வருமா என்பது. வராவிட்டால் வீடு கட்டும் செலவு ஏறும், ஏறுகிற காசை வாங்குபவர் காணி விலையில்தான் கழிப்பார். தரகர் அக்காவிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: "பாதை இருந்தா பரப்பு பத்துக்குப் போகும் அக்கா, இப்ப ஐஞ்சுக்கும் ஆள் பிடிக்கிறது கஷ்டம்." பத்து என்றால் பத்து லட்சம். காணியும் உறுதியும் அப்படியே இருக்கின்றன, பாதைக்காக மட்டும் விலை பாதியாகிறது.

இதற்குள் இன்னொரு விடயம் இருக்கிறது. அதை நீங்கள் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். கடன் இல்லாமல் கைக்காசுக்கு வாங்க ஒருவர் பத்து லட்சத்துக்கு வந்தார். ஆனால் காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரை வரிக்காக அந்த இரண்டு பரப்புக்கும் மதிப்பீடு இருபது லட்சம் என்று வந்தது. மதிப்பிடுகிறவர்கள் அயலில் என்ன விலைக்கு உறுதி முடிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிரதான வீதிக் கரையில் வெளிநாட்டுக் காசுக்கு விற்ற காணிகளின் விலைதான் கையில் கிடைக்கும். அதோடு வரைபடத்தில் இருபதடிப் பாதை இருக்கிறது, சபை அனுமதியும் இருக்கிறது. தாளைப் பார்த்தால் அது முழு வசதியுள்ள குடியிருப்புக் காணி.

முதல் ஒரு லட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நாலு வீதம் என்று கணக்குப் பார்த்தால் பத்து லட்சத்துக்கு 39,000 ரூபாய் வரி. இருபது லட்சத்துக்கு 79,000 ரூபாய். மேலதிகமான நாற்பதாயிரத்தையும் வாங்க வந்தவர் காணி விலையில் குறைக்கச் சொன்னார். அவருடைய பக்கத்தில் அது நியாயம். கடைசியில் அது என் அக்காவின் கூரையில் குறைகிற காசு.

அதாவது வரி அறவிடும்போது பாதை இருக்கிறது. சான்றிதழ் கேட்கும்போது பாதை இல்லை. மாகாணம் அறவிடும் அந்த முத்திரை வரி பிறகு எங்கே போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். காணி எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தச் சபைக்கே அது வந்து சேரும். எங்கள் பாதை இருக்கிறது என்று கணக்கிட்டு வாங்கும் காசு உங்கள் வருமானம். அந்த வருமானத்தில் ஒரு லோட் கிறவல் மண்ணாவது அந்தப் பாதைக்கு வரவேண்டும் என்று கேட்பது அதிகமா?

கேட்பது ஒன்றுதான். சபை அனுமதித்த வரைபடங்களில் உள்ள பாதைகளைச் சபை பொறுப்பேற்க வேண்டும்.

காணி விற்பனையில் இருக்கிற எல்லாக் குறைகளையும் உங்கள் தலையில் போட நான் வரவில்லை. கள்ள உறுதி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொருவர் சார்பில் கையெழுத்து வைக்கும் அற்றோணித் தத்துவத்தை வைத்து ஒரே துண்டை இரண்டு பேருக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் இங்கே காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தும், மச்சான் பெயரிலும் மாமி பெயரிலும் வாங்கிப் போட்டுவிட்டு, இருபது வருடத்துக்குப் பிறகு வந்து பார்க்கலாம் என்று இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஏறுகிற விலையில் ஊரிலேயே இருந்து உழைக்கிற பிள்ளைகளால் ஒரு பரப்புக் கூட வாங்க முடியவில்லை.

கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலை நிரப்பக் கூடாது. நிரப்புகிறார்கள். வாய்க்காலை மூடிவிட்டு அதன் மேல் மதில் கட்டுகிறார்கள். வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் குளமும் வாய்க்காலும் தரவையும்தான் மழைநீரைச் சுண்ணக்கல்லுக்குள் இறக்கிக் கிணற்றுக்குக் கொண்டுவருகின்றன. அதை அடைத்துவிட்டு, வெள்ளம் நிற்கிறது என்று மாரியில் அழுகிறோம், கிணறு உவராகிறது என்று வைகாசியில் அழுகிறோம். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. ஒரு ஹெக்டேயர் எங்கள் கணக்கில் நாற்பது பரப்புக்குச் சற்றுக் குறைவு. பெரிய காணியை இரண்டு வரைபடமாக வெட்டி, ஒவ்வொன்றையும் அந்த அளவுக்குக் கீழே காட்டி அனுமதி எடுப்பவர்கள் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் பந்தடிக்க ஒரு மூலை கூட மிஞ்சுவதில்லை.

இதையெல்லாம் ஒரு பிரதேச சபை தனியே திருத்த முடியாது என்று எனக்குத் தெரியும். கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதை உங்கள் கையில் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஊர்ப் பாதைகளை உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறது.

ஆகவே தாழ்மையாகக் கேட்கிறேன். அனுமதித்த வரைபடங்கள் உங்கள் கந்தோரில் கோவைகளாக இருக்கின்றன. அவற்றை எடுத்து, எந்தெந்தப் பாதை இன்னும் விற்றவரின் பெயரிலேயே கிடக்கிறது என்று பாருங்கள். எங்கள் பாதையைப் பொறுத்தவரை, விற்றவரின் பிள்ளைகளோடு நாங்கள் கதைத்திருக்கிறோம். அற்றோணித் தத்துவம் மூலம் சபைக்கு எழுதித்தரச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்கள். நொத்தாரிசுச் செலவைத் துண்டுக்காரர் எல்லோரும் பகிர்ந்து தருவோம். ஏற்றுக்கொள்ளச் சபை தயார் என்ற கடிதம் ஒன்றுதான் இப்போது தேவை. உள்ளே வந்த வேலியை நில அளவையாளரைக் கொண்டு அளந்து பின்னால் எடுப்பிக்க உங்களுக்குத்தான் அதிகாரம் இருக்கிறது. அயலவரோடு நாங்கள் போய் மல்லுக்கட்டினால் அது வழக்காகி, எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இழுபடும்.

இனிமேல் பிரிக்கிற காணிகளுக்கு, தாளை மட்டும் பார்த்து முத்திரை குத்த வேண்டாம். ஒரு தடவை நேரே போய்ப் பாருங்கள். பாதைத் துண்டு சபை பெயருக்கு எழுதப்பட்டு, கிறவல் போட்டு, தண்ணீர் ஓடுகிற இடத்தில் மதகு வைத்த பிறகு அனுமதி கொடுங்கள். அந்தச் செலவு காணி பிரித்து விற்கிறவருக்கு உரியது. துண்டுகள் விற்று முடிந்த பிறகு அவரைப் பிடிக்க முடியாது.

அக்காவின் காணியில் பற்றையை ஆள் விட்டு வெட்டுவித்துக்கொண்டிருக்கிறோம். வெட்டியதை வெளியே கொண்டுவர இன்னும் சில நாள் அவகாசம் தாருங்கள், தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்க முன்னம் தவிசாளர் அவர்களோ, எங்கள் வட்டார உறுப்பினரோ, தொழில்நுட்ப உத்தியோகத்தரோ ஒருவர் வந்து பாதையை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதாந்த அமர்வில் இதை ஒரு விடயமாக எடுத்து, பாதையைப் பொறுப்பேற்பதா இல்லையா என்ற முடிவை எழுத்தில் அறியத் தாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தரவைக் காணித் துண்டுக்காரர் சார்பில், அவர்களில் ஒருவருடைய தம்பி