கப்பலுக்கும் பசிக்கும் ஒரே சட்டம் வேண்டாம்: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1954 ஜூலையில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட உணவு உதவிச் சட்டம் பற்றி எழுதுகிறேன். ‘அமைதிக்கான உணவு’ என்று நீங்கள் சொல்வதை எங்கள் பெரியவர்கள் அதன் சட்ட எண்ணை வைத்து ‘பி.எல். 480’ என்பார்கள். 1960களின் வறட்சியில் அந்தக் கோதுமைதான் இந்தியாவில் பலருக்குச் சோறு போட்டது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதிபர் ஜான்சன் அதை மொத்தமாகத் தராமல், கயிற்றைக் கையில் பிடித்தபடி சிறிது சிறிதாகத்தான் அவிழ்த்தார் என்பதும் நினைவிருக்கிறது.

சரி, பழைய கதை போகட்டும். இன்றும் அந்தச் சட்டத்தின் கீழ் தானியத்தை உங்கள் நாட்டிலேயே வாங்க வேண்டும். அதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் போக வேண்டும். 1985இல் இந்தப் பங்கை முக்கால் ஆக்கினீர்கள், 2012இல் மறுபடி பாதியாக்கினீர்கள். உங்கள் கப்பல்களின் வாடகை மற்றவர்களுடையதைவிட அதிகம். அந்தக் கூடுதல் தொகை முழுக்கப் பசித்தவனின் தட்டிலிருந்து எடுத்தது. கடலைத் தாண்டி மூட்டை போய்ச் சேர மாதக்கணக்காகும், பசியோ அதுவரை காத்திருக்காது. வணிகக் கப்பல் படையைக் காப்பாற்ற வேண்டுமா? தாராளமாகச் செய்யுங்கள், பாதுகாப்பு நிதியிலிருந்து.

உதவியில் ஒரு பங்குத் தானியத்தை, பெறும் நாட்டில் கொண்டுபோய் விற்று, அந்தப் பணத்தில் திட்டங்கள் நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. மூன்றே ஆண்டுகளில் அதில் 219 மில்லியன் டாலர் வீணானதாக உங்கள் அரசின் தணிக்கை அலுவலகமே 2011இல் கணக்குக் காட்டியது. உள்ளூர் உழவரின் விலை விழும் ஆபத்து தனி. 2018 பண்ணைச் சட்டத்தில் அந்தக் கட்டாயத்தை நீக்கினீர்கள். மனம் வைத்தால் முடிகிறதே!

2016இல் இரு கட்சிகளும் சேர்ந்து உலக உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தீர்கள். சிறு விவசாயிக்கும் குழந்தையின் ஊட்டத்துக்கும் முதலிடம், அவசரகாலத்தில் பக்கத்துச் சந்தையில் வாங்கியோ பணமாகவோ கொடுக்க அனுமதி. நீங்கள் எழுதியவற்றில் எனக்குப் பிடித்த சட்டம் இதுதான். ஆனால் அதை நடத்திவந்த உங்கள் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. அதே மாதம் துபாய்க் கிடங்கில் காலாவதியாகும் நிலையில் கிடந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட்டை அழிக்கப்போகும் செய்தியும் வந்தது. சட்டம் இருந்தது, பிஸ்கட்டும் இருந்தது, எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

போரில் சந்தையே அழிந்த இடங்களில் கப்பல் வரத்தான் வேண்டும், மறுக்கவில்லை. சந்தையில் அரிசி இருந்தும் வாங்கக் காசில்லாதவனுக்கு எதற்கு உங்கள் அயோவா மாநிலத்தின் மக்காச்சோளம்? எங்கே வாங்குவது, எதில் அனுப்புவது என்பதைக் களத்தில் இருப்பவர் முடிவு செய்யட்டும். 2016 சட்டத்துக்கு நீங்கள் கொடுத்த அனுமதி 2028 வரைதான். அதைப் புதுப்பிக்கும்போது உணவு உதவிக்கான கப்பல் நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள், அப்புறம் இந்த 2016 சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கு என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பி.எல். 480 கோதுமை தின்று வளர்ந்தவர்களின் பேரன்