சவுண்ட்பார்: வாட்டை மட்டும் பார்க்க வேண்டாம்

ஐயா,

பண்டிகைத் தள்ளுபடி விளம்பரங்களில், டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரின் வாட் எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது ஆர்எம்எஸ் கணக்கா, பிஎம்பிஓ கணக்கா என்று பெரும்பாலும் சொல்வதில்லை. தொடர்ந்து கிடைக்கும் திறன் ஆர்எம்எஸ்தான். மற்றது கண நேர உச்சம்.

வாட்டைவிடச் சேனல், அதாவது ஒலி எத்தனை தனி வழிகளாகப் பிரிந்து வருகிறது என்பது, முக்கியம். 2.1 என்றால் இடம், வலம், பாஸ் ஒலிக்கென ஒரு சப்வூஃபர். 3.1-ல் நடுவே வசனத்துக்கென்றே தனி ஸ்பீக்கர் உண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளுக்கு 3.1-ஐத்தான் சொல்வேன். அங்கே பாஸைக் கூட்டினால் வசனம் இன்னும் அமுங்கிப்போகும்.

5.1.2-ல் கடைசி 2 என்பது மேல்நோக்கிய ஸ்பீக்கர்கள். ஒலி கூரையில் பட்டுக் கீழே திரும்ப வேண்டும். அதற்குச் சமதளமான காங்கிரீட் கூரை தேவை. சரிவான ஓட்டுக்கூரையில் ஒலி திசைமாறிவிடும். ஓட்டு வீட்டுக்காரர்கள் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இணைக்கும்போது, டிவியில் ‘ஏஆர்சி’ (டிவி ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி) என்று குறித்த எச்டிஎம்ஐ துளையில்தான் வயரைச் செருக வேண்டும். இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி, டிவி மெனுவில் ஆனில் இருக்கட்டும். டிவி மெனுவில் ஒலி வெளியீட்டு அமைப்பு ‘பிசிஎம்’ என்றிருந்தால் ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்-த்ரூ’வுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் 5.1 வாங்கியும் பெரும்பாலும் ஸ்டீரியோதான் வரும். ஆப்டிகல் வயரில் அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் டால்பி முறை) வராது. ஓடிடி அட்மாஸுக்கு, டிவி அதைக் கடத்துமானால், ஏஆர்சியே போதும். ப்ளூ-ரே வட்டில் வரும் ட்ரூஎச்டி என்ற தரம் குறையாத டால்பி ஒலிக்குத்தான் ஏஆர்சியின் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும்.

ஆர்எம்எஸ் திறன், நடுச் சேனல், இஏஆர்சி ஆகிய மூன்றையும் விலைச்சீட்டிலேயே கடைக்காரர்கள் எழுதி வைக்க வேண்டும்.

- வாசகர், பல்லடம்