இயந்திரம் மாறும்போதெல்லாம் சந்துக்கடைக்காரன்தான் குற்றவாளியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாட்டையும் படத்தையும் எழுத்தையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களின் பயிற்சிக்குப் பயன்படுத்துவதற்குக் கட்டாய உரிமம் (உரிமையாளர் மறுக்க முடியாத அனுமதி) வழங்கலாம் என்றும், அதற்கான ராயல்டியை, அதாவது படைப்பாளிக்குச் சேர வேண்டிய பங்குத் தொகையை, ஒரே அமைப்பின் வழியாக வசூலிக்கலாம் என்றும் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் கூறியிருந்தது. அதைப் பற்றி நான் படிக்கும் கட்டுரைகளில் மென்பொருள் நிறுவனத்தார் பேசுகிறார்கள், இசை நிறுவனத்தார் பேசுகிறார்கள், தயாரிப்பாளர்கள் பேசுகிறார்கள். இதற்கு முன்பு இயந்திரங்கள் மாறியபோது வழக்கும் நட்டமும் வந்து விழுந்த இடத்தில் இருந்தவர்கள் யாரும் பேசக் காணோம். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் 1987 முதல் 2004 வரை வீடியோ கடை நடத்தியவன் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

கடை என்றால் பத்துக்கு எட்டு அடி. மூன்று பக்கமும் பலகை, பலகை முழுக்க கேசட், முன்னால் ஒரு நோட்டு. கேசட் வாடகையைவிட, கேசட்டை டி.வி.யில் ஓட்டிக்காட்டும் டெக்கின் வாடகையில்தான் பிழைப்பு ஓடியது. மஞ்சள் நீராட்டு விழா, நிச்சயதார்த்தம், காசிமேட்டில் நல்ல மீன் பட்டு படகு திரும்பிய நாள் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். டி.வி.யையும் டெக்கையும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு, மூன்று கேசட்டுகளோடு நானே போவேன். தெருவில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது படத்தின் நடுவில் டெக்குக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட் அழுக்காகித் திரையில் கோடு விழும். புது ரூபாய் நோட்டில் ஸ்பிரிட் தடவி நான் துடைக்கும் வரைக்கும் நூறு பேர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மின்ட், தண்டையார்பேட்டைத் தியேட்டர்களில் குடும்பத்தோடு போய் உட்காரக் காசில்லாத பெண்கள்தான் அந்தப் பாயில் முன்வரிசை.

நான் கடை திறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் தயாராகிவிட்டது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை மத்திய அரசு 1984-ல் திருத்தியது; மீறலுக்குக் குறைந்தது ஆறு மாதம் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் என்று ஆக்கியது. கேசட்டின் மீது தணிக்கைச் சான்றிதழின் நகலும், தயாரித்தவரின் பெயர், முகவரியும், உரிமம் பெற்றதற்கான உறுதிமொழியும் இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் வீடியோ டெக் மூலம் டி.வி. திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. படிப்பதற்கு எல்லாம் நியாயம்தான். ஆனால் மொத்த வியாபாரி கொடுத்த கேசட்டில் ஒட்டியிருக்கும் லேபிள் உண்மையா பொய்யா என்று எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு கடைக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? 1991-ல் ஒரு நாள் சோதனைக்கு வந்தவர்கள் அறுபது கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். முறையாக வாங்கிய கேசட்டுகளும் அதில் போயின. வழக்கு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்தபோது நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. போலி லேபிள் அடித்த மொத்த வியாபாரியை அந்த இரண்டு ஆண்டுகளில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தின் தலைவராக இருந்த ஜாக் வலென்டி 1982-ல் அந்த நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் பேசும்போது, தனியாக வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கழுத்தை நெரிக்கும் கொலைகாரன் எப்படியோ அப்படித்தான் பட முதலாளிக்கு வீடியோ டெக் என்றார். டி.வி. நிகழ்ச்சியை வீட்டில் பதிவுசெய்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று 1984 ஜனவரியில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்துக்கு நான்கு. ஒருவர் மாறியிருந்தால் கதை வேறு. அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே ஹாலிவுட்டுக்குத் தியேட்டர் வசூலைவிட வீடியோ வருமானம் அதிகமாகிவிட்டது. கொலைகாரன் என்று சொன்னவனை வீட்டு மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டார்கள். கோடம்பாக்கத்திலும் டி.வி.க்குப் படம் கொடுப்பதா என்று முறுக்கிக்கொண்டவர்கள், பிறகு சாட்டிலைட் உரிமை விற்காமல் படத்தைத் தொடங்கவே தயங்கினார்கள்.

இதற்கும் முன்னால் ஒரு மாற்றம் நம் பகுதியிலேயே நடந்திருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. பிறகு அதுதான் முருகன் தியேட்டர் ஆனது. மௌனப் படத்துக்குத் திரையின் பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தவர்களுக்குப் பேசும் படம் வந்தபின் வேலை இல்லை. அவர்களுக்காக யாரும் சட்டம் கேட்டதாக நான் படித்ததில்லை.

சி.டி. வந்ததும் என் கேசட்டுகளுக்கு மதிப்புப் போனது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரில் படம் வந்த மூன்றாம் நாள் வி.சி.டி. கிடைத்தது. ஒளிப்பானேன், கடைசி ஆண்டில் நானும் வாங்கி வைத்து விற்றேன். கேமரா பிரின்ட் என்றால் ஒரு விலை, மாஸ்டர் பிரின்ட் என்றால் ஒரு விலை. திருட்டு திருட்டுதான், அதனால் வயிற்றில் அடி வாங்கிய தியேட்டர் ஊழியர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அரசாங்கம் என்ன செய்தது என்று பாருங்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களையும் ரவுடிகளையும் விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைப்பதற்காக 1982-ல் இயற்றிய குண்டர் சட்டத்தில், 2004-ல் ‘வீடியோ திருடர்’ என்ற வகையையும் சேர்த்தது. அந்தச் செய்தி பேப்பரில் வந்த வாரம் என் மனைவி கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு கடை திறக்கவில்லை. என் ஒருவனைப் பொறுத்தவரை சட்டம் வேலை செய்தது என்றே சொல்ல வேண்டும். திருட்டுப் பிரதி ஒழிந்ததா என்றால், அது வட்டிலிருந்து பென் டிரைவுக்கும், அங்கிருந்து இணையத்துக்கும், இப்போது டெலிகிராமுக்கும் குடிபெயர்ந்தது. 2023-ல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் அபராதம், அது தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை போகலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். தண்டனையைக் கூட்டக் கூட்டச் சட்டத்தின் கை எட்டாத இடத்துக்குத் திருடன் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறான்.

எங்கள் தெருவில் திருட்டு வி.சி.டி. வாங்குவது குறைந்தது போலீசுக்குப் பயந்து அல்ல. மாதம் கொடுக்கிற கேபிள் காசிலேயே நிறையப் படம் வீட்டுக்கு வந்தது. பிறகு டேட்டா மலிவானபோது கைப்பேசியிலேயே வந்தது. நியாயமான விலையில், நியாயமான நாளில் கிடைத்தால் மக்கள் காசு கொடுக்கிறார்கள். இந்த ஒன்றை நான் பதினேழு ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன்.

கேபிள் என்றதும் 2003 நினைவுக்கு வருகிறது. கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற திட்டத்தை மற்ற பெருநகரங்கள் தள்ளிப்போட, செப்டம்பர் 1 முதல் சென்னையில் மட்டும் அமல்படுத்தினார்கள். பெட்டி வாங்க முடியாத வீடுகளில் ஒரே இரவில் சேனல்கள் மறைந்தன. திட்டு வாங்கியவர் கம்பி இழுத்துக் கொடுத்த கேபிள்காரர். பெட்டியை எந்த விலைக்கு, எந்தத் தவணைக்குக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே யோசித்திருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது. பிறகு அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோதுதான் எங்கள் பக்கத்தில் பலர் நிம்மதியாக டி.வி. பார்த்தார்கள்.

தியேட்டர்களின் கதையை விரிவாக எழுத ஆசை, இடம் போதாது. படப்பெட்டியைச் சைக்கிளில் வைத்து ஒரு தியேட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிய காலம் போய் டிஜிட்டல் வந்தது. பிரின்ட் செலவு மிச்சம். ஆனால் புரொஜெக்டர் வைத்துக் கொடுத்த நிறுவனங்களுக்குத் தயாரிப்பாளர் செலுத்தும் கட்டணத்தைப் பற்றிய தகராறில், 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதுத் தமிழ்ப் படமே வரவில்லை. 2013-ல் கமல்ஹாசன் தன் படத்தை டி.டி.எச்.சில் காட்ட நினைத்தபோதும், 2020 ஊரடங்கில் படங்கள் நேராக ஓ.டி.டி.க்குப் போனபோதும் தியேட்டர்காரர்கள் தடை போடுவோம் என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1967 முதல் எங்கள் தண்டையார்பேட்டையின் அடையாளமாக இருந்த அகஸ்தியா அதே 2020-ல் மூடப்பட்டது. மிரட்டலால் அந்தக் கதவைத் திறந்து வைக்க முடியவில்லை.

நீதிமன்றத்தின் வழியாகக் கேட்கும் தடையிலும் இதே அவசரம் உண்டு. 2012-ல் ஒரு படத்தைத் திருட்டுப் பிரதியிலிருந்து காப்பாற்ற, பெயர் தெரியாத எதிரிகள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கின. தாங்களே எடுத்த குறும்படங்களை அங்கே போட்டு வைத்திருந்தவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. குறிப்பிட்ட இணைப்புகளுக்கு மட்டுமே தடை என்று நீதிமன்றம் அடுத்த மாதம் விளக்க வேண்டியிருந்தது.

சட்டம் செய்வோரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதே 2012-ல் வந்த பதிப்புரிமைத் திருத்தம், படத்துக்குப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு ஈட்டும் ராயல்டியில் தங்கள் சமபங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றது. பேரம் பேசும் வலு இல்லாதவன் அவசரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது என்று சொன்ன அந்த ஒரு விதிக்காக, நான் திட்டிய மற்றதையெல்லாம் மறக்கத் தயார். திருமண ஊர்வலத்திலும் அதையொட்டிய நிகழ்ச்சிகளிலும் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதும் அந்த வகை நியாயமே. எங்கள் பகுதி மைக் செட்காரர்கள் பலருக்கு இது தெரியாததால், யாராவது வந்து மிரட்டினால் பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கானா பாடகர் இருக்கிறார். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனம் அவரை ஓர் அறைக்கு அழைத்துப்போய் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கியது. பிறகு அவர் தன் அம்மாவின் நினைவு நாளில் அதில் ஒரு பாட்டைத் தானே பாடி யூடியூபில் போட்டபோது, உரிமை வேறொருவருடையது என்று அறிவிப்பு வந்துவிட்டது. கைப்பேசியை என்னிடம் நீட்டி, “அண்ணே, இது நான் கட்டின பாட்டுன்னு இதுல எங்க எழுதுறது?” என்று கேட்டார். அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் தமிழில் இல்லை.

இவருடைய குரலை நாளை ஒரு மென்பொருள் கற்றுக்கொண்டு புதுக் கானா பாடும். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை 2024-ல் செயற்கை நுண்ணறிவால் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் சம்மதம் பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் தெரிவித்தார். ஒருவருடைய நல்ல மனத்தால் நடந்ததைச் சட்டம் எல்லோருக்கும் கடமையாக்க வேண்டாமா? 2025 ஆகஸ்டில் ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றி மறுவெளியீடு செய்தபோது இயக்குநரும் நாயகன் தனுஷும் எதிர்த்தார்கள். படம் வந்தே தீர்ந்தது. நம் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான். தனுஷுக்கே அந்த நிலை என்றால் கானாக்காரருக்கு என்ன நிலை?

கட்டாய உரிமம் என்ற யோசனையை நான் எதிர்க்கவில்லை. தடை கேட்பதைவிட அது மேல். ஆனால் வசூலாகும் ராயல்டி எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாத, பாட்டை எங்கும் பதிவு செய்யாத இந்தப் பாடகரின் கைக்கு எந்த வழியாக வரும் என்பதைச் சட்டம் இயற்றுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். குரலுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். 2012-ல் பாடலாசிரியருக்குக் கொடுத்த பாதுகாப்பைப் போல, அவசரக் கையெழுத்தால் அது பறிபோகாதபடி சட்டம் காக்க வேண்டும். ஒப்பந்தமும் ஆட்சேபப் படிவமும் தமிழில் இருக்க வேண்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டங்களை டெல்லியிலும் நட்சத்திர ஓட்டல்களிலும் நடத்துகிறவர்கள் ஒரு கூட்டத்தையாவது தமிழில், ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்தட்டும். கானா பாடகர்களையும் கேபிள்காரர்களையும் பழைய தியேட்டர் ஆபரேட்டர்களையும் அழைத்துவருவதும், மைக் செட்டுக்கு ஏற்பாடு செய்வதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
முன்னாள் வீடியோ கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.