குண்டு புக்கு இங்கிலீஷ்ல, நமக்கு மட்டும் சுருக்கமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க ஊரு பக்கம் ஒரு கம்பெனி விரிவாக்கத்துக்கு கருத்துக் கேட்பு கூட்டம்னு பேப்பர்ல விளம்பரம் பாத்தேன், சரி கம்பெனியால சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும்னு சொல்ற அறிக்கையை முன்னாடியே படிச்சுட்டுப் போவோம்னு ஒரு ஆபீசுக்குப் போனா தலகாணி சைசுல ஒரு புக்கு எடுத்து வச்சாங்க, மொத்தமும் இங்கிலீஷ். தமிழ்ல இல்லையானு கேட்டதுக்கு ஸ்டேப்ளர் அடிச்ச நாலஞ்சு தாளை நீட்டி "இதான் சார் சுருக்கம்"னாங்க. அதுல புகை, கழிவுத்தண்ணி எல்லாமே "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்"னு ஒரே வரி. எந்த கெமிக்கல் எவ்ளோ வெளிய வரும், எந்தத் தெரு போர் தண்ணிய டெஸ்ட் பண்ணாங்கங்கறதெல்லாம் குண்டு புக்குல இருக்கு.

ஆபீசைத் திட்டி பிரயோஜனம் இல்ல. இந்த அறிக்கைக்கும் கூட்டத்துக்கும் விதி சொல்ற மத்திய அரசோட 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையே அப்படித்தான், சுருக்கம் மட்டும் உள்ளூர் மொழியில இருந்தா போதுமாம். 2020ல அந்த அறிவிக்கையை மாத்தறதுக்கு ஒரு வரைவு வந்துச்சே, அதை அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்கற 22 மொழியிலயும் போடணும்னு டெல்லி ஹைகோர்ட்டே சொல்லுச்சு. வரைவுக்கு தமிழ் வேணும்னா, எங்க வீட்டு போர் தண்ணி கணக்குக்கு வேணாமா?

படிச்சா எங்க ஜனத்துக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டின குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஆளுங்க எந்த நேரத்துல எந்த நாத்தம் அடிக்குதுன்னு நோட்டுல எழுதி வச்சவங்க, 2004ல பக்கெட்டுல காத்தைப் புடிச்சு லேபுக்கே அனுப்புனவங்க.

இன்னொன்னு, கூட்டம் முடியறப்ப பேசினதையெல்லாம் எழுதி, அங்கயே உள்ளூர் மொழியில படிச்சுக் காட்டி விளக்கணும்னும் அதே அறிவிக்கையில இருக்கு. நாங்க போன கூட்டத்துல அது நடக்கல, சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் பாதி மண்டபம் காலி, மைக்கை ஆஃப் பண்ணிட்டு மேடையில இருந்தவங்களும் காருல ஏறிட்டாங்க. இத்தனை பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும்னு கணக்கும் கிடையாது (கூட்டுறவு சங்கத்துக்குக்கூட கோரம் கேப்பாங்க!).

அதனால கலெக்டர் ஐயாகிட்ட கேக்குறது ஒன்னுதான். இனிமே கடலூர் மாவட்டத்துல எந்தக் கூட்டத்துக்கும் முழு அறிக்கை தமிழ்ல கைக்கு வந்த அப்புறம், கூட்டத்துக்கு முன்னாடி ஜனத்துக்குக் குடுக்கற 30 நாள் அவகாசக் கணக்கை ஆரம்பிங்க. தமிழாக்கச் செலவு கம்பெனியோடது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கடலூர் ஓ.டி.