தற்செயல் என்று சொல்லிவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில், உடலில் ஒரு சாயத்தை ஏற்றி, கட்டியின் மேல் ஒளியைப் பாய்ச்சிப் புற்றுநோய்க்குச் செய்யும் சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் இந்தச் சிகிச்சையை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த ஆய்வாளர் தாமஸ் டோஹர்ட்டியின் வேலையைத் 'தற்செயலான கண்டுபிடிப்பு' என்று ஒரே வரியில் முடித்திருந்ததுதான், முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்திய எனக்குப் பொறுக்கவில்லை.

தற்செயல் நடந்தது உண்மைதான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில், செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க அவர் ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்தார். வெளிச்சம் பட்ட செல்கள் மடிந்துபோயின. ஆனால் இதே தற்செயல் அதற்கு முன்பே பல கதவுகளைத் தட்டியிருக்கிறது. 1900-இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் விட்ட பரமீசியங்கள் என்ற ஒருசெல் உயிர்கள் வெளிச்சத்தைப் பொறுத்துச் சீக்கிரமாகவோ தாமதமாகவோ சாவதைப் பார்த்தார். இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்று அவருடைய பேராசிரியர் டாப்பைனர் கண்டறிந்து, 'ஃபோட்டோடைனமிக்' (ஒளியால் இயங்கும்) விளைவு என்று பெயரும் வைத்தார். 1912-இல் மேயர்-பெட்ஸ் என்ற மருத்துவர் இரத்தத்தின் சிவப்பு நிறமியிலிருந்து கிடைக்கும் ஹீமட்டோபோர்ஃபைரின் என்ற சாயத்தை 200 மில்லிகிராம் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போய், முகம் வீங்கி நின்றார். 1960-களில் மேயோ கிளினிக்கில் லிப்சன், கட்டியை ஒளிரவைத்துக் காண இந்த வகைப் பொருளைப் பயன்படுத்தினார். இத்தனை பேர் தொட்டும் இது அங்கீகாரம் பெற்ற மருந்தாகவில்லை.

டோஹர்ட்டி செய்தது அதற்குப் பிந்தைய சலிப்பூட்டும் வேலை. 1975-இல் எலிகளில் கட்டிகளைக் குணப்படுத்திக் காட்டினார். 1978-இல் 25 நோயாளிகளின் 113 கட்டிகளில் 111 முழுமையாகவோ ஓரளவோ கரைந்ததாக அறிவித்தார். அத்தோடு நின்றிருந்தால் தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் கையில் இருந்தது ஹீமட்டோபோர்ஃபைரினிலிருந்து செய்த ஒரு கலவை. அதில் எது வேலை செய்கிறது, எது வெறுமனே தோலைப் பொசுக்குகிறது என்று யாருக்கும் தெரியாது. போர்ஃபைரின் வளையங்கள் சங்கிலியாய்க் கோத்த பகுதியே மருந்து என்று பிரித்தெடுத்தார்கள். அது 'ஃபோட்டோஃப்ரின்' என்ற மருந்து ஆகிப் பல நிறுவனங்களின் கை மாறி, 1993-இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், 1995-இல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் அனுமதி பெற்றது. இருபது ஆண்டுகள் நீண்ட தற்செயல்!

'பக்க விளைவே இல்லை' என்ற வரியையும் திருத்த வேண்டும். சாயம் ஒளியை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. கிளர்வுற்ற அந்த ஆக்சிஜன்தான் செல்லைக் கொல்கிறது. அதன் ஆயுள் மிகக் குறைவு என்பதால் பிறந்த இடத்திலேயே தீர்ந்துபோகிறது. ஆனால் சாயம் கட்டியில் மட்டுமல்ல, தோலிலும் தங்கும். சிகிச்சைக்குப் பின் ஒரு மாதமாவது வெயிலில் தலை காட்டக் கூடாது. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடப்பதும் தவறு. வீட்டின் சாதாரண வெளிச்சமே தோலில் தங்கிய மருந்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும்.

'உடலின் எந்த மூலைக்கும் எட்டும் ஒளி' என்பதும் மிகை. மின்சாரம் போன இரவில் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பார்த்தால், விரல்களுக்கிடையே சிவப்பு மட்டும் கசியும். மற்ற நிறங்களைப் பெரும்பாலும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் 630 நானோமீட்டர் சிவப்பொளியைத் தேர்ந்தார்கள். அதுவும் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கே உதவும். உணவுக்குழாய் போன்ற உள்ளுறுப்புக்கு ஒளியிழையை வாய் வழியாக இறக்கித்தான் ஒளி கொடுக்க வேண்டும்.

கடைசியாக அந்தப் பெட்டிச் செய்தி. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி என்ற மூலிகை விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கும் நம் வைத்தியத்தையும் இதனோடு ஒன்றாக்கிவிட்டீர்கள். கார்போகரிசியில் உள்ள சோராலென் என்ற பொருள், ஒளி பட்டதும் மரபணு இழையையே பிணைத்துப் பூட்டுகிறது. அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அதற்கு ஏற்றது புற ஊதாக் கதிர், சிவப்பொளி அல்ல. இரண்டும் பெருமைக்குரியவைதான், ஆனால் வேறு வேறு. அடுத்த இதழில் இதையாவது திருத்தி வெளியிடுங்கள். என் பழைய மாணவர் ஒருவர் அந்தப் பெட்டியைப் படமெடுத்து எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை.