லைஃப்லைன் சலுகை கைவிட்டுப் போகாமல் இருக்க

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒரு மூதாட்டி, கைக்குட்டையில் சுற்றியிருந்த கைப்பேசியை எங்கள் மேசைமேல் வைத்தார். கீறல் ஒன்றுகூட விழாத அந்தப் பேசியில் இணைப்பு மட்டும் இல்லை. "அவசரத்துக்கு ஆகும் என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன்" என்றார். அப்படி எடுத்து வைத்ததுதான் வினையாயிற்று என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களின் தொலைபேசி, இணையக் கட்டணத்தைக் குறைக்கும் அமெரிக்க அரசின் லைஃப்லைன் திட்டத்தில் மாதக் கட்டணமே இல்லாமல் சேவை பெறுகிறவர் தொடர்ந்து 30 நாள் அதைப் பயன்படுத்தாவிட்டால், நிறுவனம் 15 நாள் அவகாசம் கொடுத்து எச்சரிக்க வேண்டும். அதற்குப் பிறகும் பயன்பாடு இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு வந்த எச்சரிக்கையோ, அணைத்து வைத்திருந்த அதே பேசிக்குள் குறுஞ்செய்தியாகக் கிடந்தது. மாதத்தில் ஒரு முறை யாரையாவது அழைத்திருந்தாலும், ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாலும் போதுமாக இருந்திருக்கும்.

இத்தகைய இழப்பு வேறு யாருக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

லைஃப்லைன் என்பது அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 1985இல், அதிபர் ரீகன் ஆட்சிக் காலத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய திட்டம். 'ஒபாமா போன்' என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கும் திட்டத்தின் பிறப்புக்கும் தொடர்பில்லை. வீட்டுத் தொலைபேசிக்காகத் தொடங்கிய இச்சலுகை பின்னர் கைப்பேசிக்கும், 2016ஆம் ஆண்டின் ஆணையால் இணையச் சேவைக்கும் விரிவடைந்தது. உங்கள் தொலைபேசிப் பில்லின் அடியில் 'யூனிவர்சல் சர்வீஸ்' என்ற பெயரில் ஒரு சிறு தொகை இருக்குமே, அந்த நிதியிலிருந்துதான் இதற்குப் பணம் வருகிறது.

தொகை பெரிதல்ல. இணையம் அடங்கிய சேவைக்கு மாதம் 9.25 டாலர் வரையிலும், பேச்சுச் சேவைக்கு மட்டும் என்றால் 5.25 டாலர் வரையிலும் தள்ளுபடி கிடைக்கும்; பழங்குடியினர் நிலப்பகுதியில் வாழும் தகுதியுள்ளோருக்குக் கூடுதலாக 25 டாலர் வரை உண்டு. இப்பணம் உங்கள் கையில் தரப்படுவதில்லை, நிறுவனத்தின் கணக்கிலேயே கழிக்கப்படும். 2024 ஜூன் தொடக்கத்தில் நின்றுபோன 30 டாலர் இணையச் சலுகையையும் இதையும் ஒன்றென எண்ணி, லைஃப்லைனும் முடிந்துவிட்டது என்று சிலர் விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். அது வேறு திட்டம், இது தொடர்கிறது.

குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 135 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் தகுதி உண்டு. ஸ்னாப் என்னும் உணவு உதவி, மெடிக்கெய்ட் என்னும் மருத்துவ உதவி, முதியோருக்கும் உடற்குறை உள்ளோருக்குமான எஸ்எஸ்ஐ உதவித்தொகை, மத்திய அரசின் வீட்டு வசதி உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பெற்று வந்தாலும் போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம்.

குழப்பம் அதிகம் வருவது 'குடும்பம்' என்ற சொல்லில்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு சலுகையே உண்டு. கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என வாங்க முடியாது. ஆனால் முகவரி ஒன்றாக இருப்பதாலேயே குடும்பமும் ஒன்றாகிவிடாது. வரவையும் செலவையும் பகிர்ந்துகொள்கிறவர்களே ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பும் தனிக் கணக்குமாக இருப்பவர்கள், அதற்கென உள்ள படிவத்தை நிரப்பித் தனித்தனியே கேட்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறை தகுதி மறுபடியும் சரிபார்க்கப்படும். அரசுப் பதிவேடுகளைக் கொண்டே யாருடைய தகுதியை உறுதி செய்ய முடியவில்லையோ, அவர்களுக்கு அறிவிப்பு வரும். 60 நாளுக்குள் பதில் போகாவிட்டால் சலுகை ரத்தாகும். விளம்பரக் கடிதமென்று நினைத்துக் குப்பையில் போடப்படுவது பெரும்பாலும் இதுதான். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்கிறவர்கள் அங்குள்ள விண்ணப்ப முறையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

லைஃப்லைன் பற்றிய கடிதமோ குறுஞ்செய்தியோ வந்து புரியாவிட்டால், அப்படியே கடைக்குக் கொண்டு வாருங்கள். படித்துப் பொருள் சொல்கிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. வரும்போது கைப்பேசியையும் மறவாமல் எடுத்து வாருங்கள், அணைத்து வைக்காமல்.

இப்படிக்கு,
உங்கள் தொலைபேசிக் கடையினர்